நேத்து எவ்வளவு?

காய்ச்சல் நூற்றிரண்டு என்று யாராவது சொன்னால் நாமெல்லாம் என்ன செய்வோம்? ஐயையோ என்போம். மாத்திரை போட்டாச்சா என்று கேட்போம். அவன் மட்டும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "நேத்து எவ்வளவு?" என்பான்.

எதற்கும் அதே கேள்விதான். குற்றாலத்தில் தண்ணீர் நன்றாக விழுகிறது என்று ஊரிலிருந்து போன் வந்தால், "நேத்து எப்படி விழுந்துச்சாம்?" மெஸ்ஸில் சாம்பார் தண்ணியாக இருக்கிறது என்று யாராவது சலித்துக்கொண்டால், "நேத்தைக்கு இன்னைக்கு எப்படி?" இதைக் கேட்டுக் கேட்டே கேம்ப்பில் அவனுக்கு 'நேத்து' என்று பேர் விழுந்துவிட்டது. மலையாளிப் பையன்கள் 'இன்னலெ' என்று கூப்பிடுவார்கள். இரண்டுக்கும் திரும்பிப் பார்ப்பான். அதற்காக அவன் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை.

அவன் செங்கோட்டைக்காரன். நான் தென்காசி. ரயிலில் ஏறி உட்கார்ந்து வேர்வையைத் துடைப்பதற்குள் அவன் ஊர் வந்துவிடும். ஆனாலும் நாங்கள் முதன்முதலில் பார்த்துக்கொண்டது கடல் தாண்டி ஒரு பாலைவனத்தில்தான். நான் அங்கே ஷிப்ட் இன்சார்ஜ். அவன் எனக்குக் கீழே, கிணறு கிணறாகப் போய் முள் பார்த்து எழுதுகிறவன். என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவன்.

கிணறு என்றதும் தண்ணீர்க் கிணறு என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு காலத்தில் பூமிக்கடியிலிருந்து எரிவாயு எடுத்து, எடுத்து, தீர்ந்துபோன இடம் அது. காலியான அந்தப் பாறைக்குள்ளேயே வேறு இடத்து கேஸைக் கொண்டுவந்து அழுத்தி நிரப்பி வைப்பார்கள். குளிர்காலத்தில் நிரப்புவது, வெயில் காலத்தில் நாடு முழுக்க ஏசி ஓடும்போது எடுப்பது. குதிரில் நெல் கொட்டி வைப்பது போலத்தான். ஆனால் நெல் தானாக வெளியே வரப் பார்க்காது. கேஸ் இருபத்துநாலு மணி நேரமும் வழி தேடிக்கொண்டே இருக்கும்.

ஒவ்வொரு கிணற்றிலும் குழாய்க்குள் குழாய். உள்குழாயில் கேஸ் போகும், வரும். அதற்கும் வெளிக்குழாய்க்கும் நடுவே இருக்கிற இடைவெளி சும்மா கிடக்க வேண்டும். அந்த இடைவெளிக்கென்று மேலே வட்டமாக ஒரு கேஜ் வைத்திருப்பார்கள். அதன் முள் எப்போதும் பூஜ்யத்தில் நிற்க வேண்டும். நகர்ந்தால், உள்ளே எங்கேயோ ஒழுகுகிறது என்று அர்த்தம். மோந்து பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்றால் அதுவும் முடியாது. வீட்டு சிலிண்டரில் வருகிறதே நாற்றம், அது நமக்குத் தெரியட்டும் என்று பிற்பாடு சேர்ப்பது. எங்கள் கேஸுக்கு வாடையே கிடையாது. புதிதாக வந்தவர்கள் மூக்கை உறிஞ்சிப் பார்த்தால் அவன் சிரிப்பான்.

"மூக்கு ஊர்ல ரசம் மோந்து பாக்கதுக்கு வே. இங்கன ஆகாது."

நாங்களெல்லாம் ஜீப்பை விட்டு இறங்காமலே, கண்ணாடியை இறக்கி, எட்டிப் பார்த்து முள் படித்துவிடுவோம். பழகிய கண்ணுக்கு அது போதும். அவன் இறங்குவான். கேஜின் கண்ணாடியை நகத்தால் இரண்டு தட்டு தட்டுவான். கொதிக்கிற மணலில் முட்டி போட்டு, கண்ணும் முள்ளும் ஒரே மட்டத்துக்கு வரும்வரை குனிவான். சட்டைப் பையிலிருந்து சிவப்பு மார்க்கரை எடுத்து, முள் நிற்கிற இடத்தில் கண்ணாடிமேல் மயிரிழை மாதிரி ஒரு கோடு போடுவான். மறுநாள் வந்து அந்தக் கோட்டையும் முள்ளையும் சேர்த்துப் பார்த்த பிறகுதான் பழசை அழிப்பான்.

"ஏலே, முள்ளு பாக்க வந்தியா, பொண்ணு பாக்க வந்தியா?" என்று நான் ஜீப்புக்குள் இருந்து கத்துவேன்.

"சாரமில்ல அண்ணாச்சி, ரெண்டு நிமிசம்" என்பான். கேரளம் பக்கத்தில் இருப்பதால் செங்கோட்டைக்காரர்கள் வாயில், பரவாயில்லை என்பதற்குச் 'சாரமில்ல' என்பது போல, ஒன்றிரண்டு வார்த்தை ஒட்டிக்கொண்டிருக்கும். "தனி முள்ளு பேசாது அண்ணாச்சி. நேத்தைய கோட்டுக்குப் பக்கத்துல வச்சாத்தான் வாயத் தொறக்கும்."

அவனுக்குக் கீழே வேலை பார்ப்பவர்கள் பாடு எப்படியோ எனக்குத் தெரியாது. மேலே இருந்து வேலை வாங்கியவன் என்ற முறையில் சொல்கிறேன், அவனோடு மாரடிப்பது பெரும்பாடு. வேறு எந்த கேஜில் மூன்றரை காட்டினாலும் மூன்றரை என்றுதான் எழுதுவான். நாலு என்று எழுதித் தொலையேன்லே என்றால் மாட்டான்.

ஒரு வருஷம் இரண்டு பேருக்கும் ஒன்றாக லீவு கிடைத்தது. சீசன் நேரம். சாரல் விட்டு விட்டு அடித்துக்கொண்டிருந்தது. இரண்டு குடும்பமும் சேர்ந்து ஐந்தருவிக்குப் போனோம். நான் உடம்பு முழுக்க எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குக் கீழே நின்றேன். பெண்கள் அவர்கள் பக்கத்தில் நின்றார்கள். அவன் குளிக்கவில்லை. படியில் துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, தடாகத்து ஓரக் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தான். திடீரென்று எழுந்து கையை ஆட்டினான்.

"அண்ணாச்சி, வெளிய வாங்க. ஏட்டி, பிள்ளைகளக் கூட்டிட்டு வா. அக்கா, நீங்களும் வாங்க!"

என்னவோ ஏதோ என்று ஓடிவந்தோம். காரணம் கேட்டால், கால் மணி நேரத்துக்கு முன்னால் அந்தக் கல்லில் ஈரம் ஏறியிருந்த இடமும் இப்போது ஏறியிருக்கிற இடமும் நாலு விரல்கடை வித்தியாசம் என்றான். மலைமேல் மழை பிடித்திருக்கும் என்றான். காவலுக்கு நின்ற போலீஸ்காரர் விசிலைக்கூட வாயில் வைக்கவில்லை. எங்களைச் சுற்றி நூறு பேர் கும்மாளமிட்டுக் குளித்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் பிசுபிசுவென்று எண்ணெய்த் தலையோடு கரையில் நின்றோம். ஒரு மணி நேரம் நின்றோம். வெள்ளம் வரவில்லை. தண்ணீர் ஏறியது போலவே இறங்கிவிட்டது.

என் மனைவி அன்றைக்கு அவனைத் திட்டிய திட்டு கொஞ்சநஞ்சமில்லை. "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். இனிமே இவன்கூட ஆத்துக்கு அருவிக்கு வந்தா என்னன்னு கேளுங்க" என்றாள். அவன் முகத்தில் வெட்கமே இல்லை. மங்குஸ்தான் பழம் வாங்கிவந்து உரித்து உரித்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

"வரலைன்னா நல்லதுதான அக்கா" என்றான். "வெள்ளம் வரணும்னா வெளிய கூப்பிட்டேன்?"

அந்த லீவில்தான் அவன் பையனுடைய மார்க் ஷீட் வந்தது. கணக்கில் முப்பத்தெட்டு. அவன் மனைவி அகப்பையோடு நின்றாள். இவன் போன பரீட்சைத் தாளைத் தேடி எடுத்து, அதில் இருபத்தொன்பது என்று பார்த்துவிட்டு, பையனைச் சைக்கிளில் வைத்து அல்வா வாங்கிக் கொடுக்கக் கூட்டிப் போய்விட்டான். என் மகன் தொண்ணூற்றொன்று வாங்கியிருந்தான். நான் பெருமையாகச் சொன்னேன். "முன்னாடி தொண்ணூத்தேழுன்னு சொன்னீங்கல்லா அண்ணாச்சி? கொஞ்சம் பாத்துக்கிடுங்க" என்றான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. அவன் கேட்டது சரி என்பதால் வந்த ஆத்திரம் அது.

இப்படிப்பட்டவன் வாழ்க்கையில் ஒரே ஒரு பொய் எழுதினான். அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

எங்கள் இடத்தில் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. இடைவெளியில் கொஞ்சம் கேஸ் சேர்ந்து முள் ஏறியிருந்தால், பக்கத்தில் இருக்கும் சின்ன வால்வைத் திறந்து அதை வெளியே விட்டுவிடலாம். முள் பூஜ்யத்துக்கு வந்துவிடும். உடனே பார்த்துப் பூஜ்யம் என்று எழுதிவிடலாம். தமிழர்கள் நாங்கள் இதற்குக் 'கிணத்தத் தும்ம விடுதது' என்று பேர் வைத்திருந்தோம். மேலதிகாரி பார்வையிட வருகிற அன்று காலையில் கிணறுகள் வரிசையாகத் தும்மும். ஜலதோஷத்தைத் தும்மித் தீர்க்க முடியுமா என்று யாரும் கேட்பதில்லை. அவன் மட்டும் இந்தத் தும்மலுக்குக் கிட்டேயே வரமாட்டான்.

குளிர்காலம் முழுக்க நிரப்பி முடித்து, உள்ளே அழுத்தம் உச்சத்தில் இருந்த சமயம். ஒருநாள் அவன் என்னிடம் வந்து, "பதினாலாம் கிணத்துல நேத்தைக்கும் இன்னைக்கும் ஒரு நெல்லளவு வித்தியாசம் இருக்கு அண்ணாச்சி" என்றான். பார்ப்போம்லே என்றேன். அன்று சாயங்காலமே அவனுக்குக் காய்ச்சல் வந்து படுத்துவிட்டான். மூன்று நாள் அவன் வேலையை நான் பார்த்தேன்.

முதல் நாள் பதினாலாம் கிணற்றில் முள் அவன் போட்ட சிவப்புக் கோட்டைத் தாண்டி நன்றாக ஏறி நின்றது. என் மகளுக்குக் கல்யாணம் ஒன்பது நாளில். தென்காசியில் மண்டபம் பிடித்தாயிற்று. பத்திரிகை கொடுத்தாயிற்று. இதை எழுதினால், நாள்கணக்கில் பார்த்துவிட்டுக் கிணற்றை மூடும்வரை இன்சார்ஜ் நகரக் கூடாது என்பது சட்டம். நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். வால்வைத் திறந்தேன். தும்ம விட்டேன். சிவப்புக் கோட்டைக் கைக்குட்டையால் துடைத்தேன். பூஜ்யம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மறுநாள் முள் இன்னும் மேலே நின்றது. மறுபடியும் பூஜ்யம். மூன்றாம் நாளும் பூஜ்யம். ஊருக்குப் போய்வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயமாகத்தான் இருந்தது. கிணற்றுக்கும் எங்கள் கேம்ப்புக்கும் நடந்து போகிற தூரம். நூறு பேருக்கு மேல் அங்கே படுத்துத் தூங்குகிறார்கள். அதில் நானும் ஒருவன்.

நாலாம் நாள் அவன் எழுந்து வந்துவிட்டான். நேராகப் பதினாலாம் கிணறு. நானும் பின்னாலேயே போனேன். பதிவேட்டில் மூன்று பூஜ்யம் இருந்தது. முள் அன்று காலையிலேயே கால் வட்டம் ஏறி நின்றது. கண்ணாடியில் அவன் போட்ட கோடு இல்லை. வால்வுக்குக் கீழே மணலில் உள்ளங்கை அகலத்துக்கு, கேஸை வெளியே விடும்போது கூடவே தெறிக்கிற எண்ணெய்ப் பிசுக்கு. அவன் அதைத் தொட்டு, விரலைத் தேய்த்துப் பார்த்தான். என்னைப் பார்க்கவில்லை.

"நேத்து எவ்வளவு அண்ணாச்சி?"

"பூஜ்யம்லே. எழுதியிருக்கம்லா."

"எழுதியிருக்கத நான் கேக்கல."

மணலில் உட்கார்ந்துவிட்டேன். "மக கல்யாணம்லே" என்றேன். வேறென்ன சொல்ல?

அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். காய்ச்சல் முகம் வாடிக் கிடந்தது. "இன்னைக்கு உள்ளத நான் எழுதினா என்ன ஆவும்?" என்று தனக்குத்தானே கணக்குப் போடுவது போலப் பேசினான். "மூணு நாள் பூஜ்யம் இருக்கு. இன்னைக்குத்தான் ஏறியிருக்குன்னு எடுத்துக்கிடுவாங்க. ஒரு வாரம் பாத்துட்டுச் சொல்லுன்னு சொல்லுவாங்க. இது ஒரு வாரம் தாங்காது அண்ணாச்சி. இன்னைக்கே மூடணும்."

"இன்னைக்கே மூடணும்னா?"

"அந்த மூணு பூஜ்யமும் பொய்யின்னு எழுதணும். எவனோ வால்வத் தொறந்து விட்டுட்டான்னு எழுதணும்."

எவனோ என்றால் யார் என்று இரண்டு பேருக்கும் தெரியும். விசாரணை முடியும்வரை பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வார்கள். கல்யாணம் மட்டுமில்லை, வேலையும் போகும்.

முள்ளைப் பார்த்துக்கொண்டே அவன், "நான் தொறந்தேன்னு எழுதுதேன்" என்றான். "காய்ச்சல்ல கெடந்த மூணு நாளும் காலைல காத்தாட நடந்து வந்தேன், பயந்து தொறந்து விட்டுட்டேன்னு எழுதுதேன். நீங்க வந்து பாக்கும்போது பூஜ்யம்தான் இருந்துச்சு. உங்க எழுத்துக்குப் பழுதில்ல."

"உனக்கு?"

"எம்மவன் ஆறாப்புதான படிக்கான். கல்யாணத்துக்கு நாள் கெடக்கு."

வேண்டாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இதை எந்த விதத்தில் எழுதினாலும் இந்த இடம் மாறப் போவதில்லை. அவன் பதிவேட்டைத் தொடையில் வைத்து, நிதானமாக நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டான். மத்தியானத்துக்குள் கிணற்றை மூடிவிட்டார்கள். அவனை விசாரணைக்கென்று ஓர் அறையில் இருக்கச் சொன்னார்கள். கிணறு மூடியாயிற்று, எனக்குப் பதில் வேறொரு இன்சார்ஜும் ஏற்கெனவே வந்து இறங்கியிருந்தார். நான் விமானம் ஏறினேன்.

கல்யாணத்துக்கு அவன் மனைவி வந்திருந்தாள். பையனைக் கையில் பிடித்துக்கொண்டு, மொய்யும் எழுதி, பந்தியில் சாப்பிட்டுவிட்டு என்னைத் தேடி வந்தாள். "அவுக எப்ப வருவாக அண்ணாச்சி? போன்ல ஒண்ணுஞ் சொல்ல மாட்டக்காக" என்று கேட்டாள். "சோலி முடியல தாயி. வந்துருவான்" என்றேன். மாலையும் சந்தனமுமாக நின்று சொன்னேன்.

மூன்று வாரம் வைத்திருந்து அவனை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். வால்வில் கை வைத்தவன் என்று கம்பெனிப் பேப்பரில் ஏறிவிட்டதால் எந்த ஏஜென்ட்டும் அவனை மறுபடி எடுக்கவில்லை. நான் லீவு முடிந்து திரும்பிப் போனேன். அதற்குப் பிறகுதான் துளைபோடும் ரிக் கோபுரத்தைக் கொண்டுவந்து பதினாலாம் கிணற்றின் உள்குழாயை வெளியே உருவினார்கள். பார்த்தேன். அவனிடம் சொல்லவில்லை. அவன் இரண்டு தடவை போன் செய்தான். எடுக்கவில்லை. எடுத்தால் என்ன பேசுவது? மடியில் கனம் இருந்தது, பயம் இருந்தது. மூன்றாம் தடவை அவன் போன் செய்யவில்லை.

இரண்டு வருஷம் ஓடிவிட்டது. இந்த வைகாசியில் எனக்கு வயதாகிவிட்டது என்று கணக்குத் தீர்த்து அனுப்பினார்கள். இனி உண்மையைச் சொன்னால் என்னிடமிருந்து பிடுங்க யாருக்கும் ஒன்றுமில்லை என்று ஆன பிறகுதான் எனக்குத் தைரியம் வந்தது. என் தைரியத்தின் லட்சணம் அவ்வளவுதான். செங்கோட்டைக்கு ரயில் ஏறினேன்.

கேரளாவுக்குக் காய்கறி ஏற்றும் கடையில் அவனுக்கு வேலை. மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்திருந்தான். மெலிந்திருந்தான். கைலியும் பனியனுமாக வாசலுக்கு வந்து, என்னைப் பார்த்ததும் சிரித்தான். அதே சிரிப்பு. "வாங்க அண்ணாச்சி. மக நல்லா இருக்காளா?" என்றான். நாற்காலியைத் துடைத்துப் போட்டான். மன்னிப்புக் கேட்பதற்கென்று நான் வழியெல்லாம் பேசிப் பழகி வந்திருந்தேன்.

"லே, பதினாலாம் கிணறு..." என்று ஆரம்பித்தேன்.

அவன் முகம் மாறிவிட்டது. சிரிப்பு போய்விட்டது. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு என் எதிரே தரையில் மெதுவாக உட்கார்ந்தான். "என்ன இருந்துச்சு அண்ணாச்சி?" என்றான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவனுக்குத் தெரியாது. வெடித்திருந்தால் ஊரெல்லாம் டிவியில் காட்டியிருப்பார்கள். வெடிக்காத கிணற்றைப் பற்றி யார் சொல்லப் போகிறார்கள்? நான்தான் சொல்லியிருக்க வேண்டும்.

"ஓட்டை இருந்துச்சுலே. உள்குழாயில, இணைப்புக்கிட்ட, துரு அரிச்சு. இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தா வெளிக்குழாயும் பிளந்திருக்கும்னு இன்ஜினியர் சொன்னாரு. கேஸ் மண்ணுக்குள்ள பரவி கேம்ப்புக்கு அடியிலகூட வந்திருக்குமாம்."

"எம்புட்டு பெருசு?"

சுண்டுவிரலை நீட்டி நகத்தைக் காட்டினேன். அவன் என் விரலைப் பிடித்து, அந்த நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணீர் தாடையில் வழிந்து பனியனில் விழுந்தது. துடைக்கவில்லை.

"ஏட்டி" என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டான். "ஏட்டி, இங்கன வா. ஓட்டை இருந்துச்சாம்."

அவள் ஈரக் கையோடு வந்து நிலைப்படியில் நின்றாள். அவனைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம்.

"ரெண்டு வருசமா சோத்துல கைய வச்சா பாதியில நிப்பாட்டிருவாக அண்ணாச்சி" என்றாள். "'ஒருவேள ஓட்டையே இல்லையோட்டி, நாந்தான் சும்மா பயந்துட்டனோ'ன்னு என்கிட்ட கேப்பாக. எனக்கு என்ன தெரியும்? ஒரு போன்ல சொல்லியிருக்கலாமே."